கைத்துப்பாக்கி வாங்க வயது 18-ஆ, 21-ஆ?

அமெரிக்காவில் 19 வயதுப் பையன் ஒருவன் கடைக்குப் போய் ஒரு பீர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். சிகரெட் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். இரண்டுக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதே பையன் கைத்துப்பாக்கி கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா? இதில்தான் அந்த நாட்டு நீதிபதிகள் இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், வயதைக் காரணம் காட்டி அவனுக்கு விற்க மறுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதே ஆண்டு ஜூனில் ரிச்மண்டில் உள்ள இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுப்பதுதான் சரி என்றது. சட்டம் ஒன்று, சாசனம் ஒன்று, ஆண்டும் ஒன்று. பதில் மட்டும் இரண்டு.

"அந்த ஊர்ச் சண்டை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறார்கள். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளில் பலர் இப்போது 18, 19 வயதில் கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள். பக்கத்து அறைப் பையனின் மேஜை இழுப்பறையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதைத்தான் இந்த நீதிமன்றங்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே இது நம் வீட்டுச் சங்கதியும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 21 என்ற வரம்பு சரியானது. அதை உடைக்கும் நீதிபதிகள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல், வேறொரு கேள்விக்குப் பழைய காகிதங்களில் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டார். அவரைக் கொன்றது ஒரு சின்ன ரிவால்வர். அந்த ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, மத்திய அரசின் உரிமம் பெற்ற கடைக்காரர் ரைபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளை 18 வயது நிறைந்தவருக்கு விற்கலாம். பிஸ்டல், ரிவால்வர் போன்ற கைத்துப்பாக்கிகளை 21 வயது நிறைந்தவருக்கு மட்டுமே விற்கலாம். பெற்றோருக்குத் தெரியாமலே சிறுவயதுக்காரர்கள் கைத்துப்பாக்கி வாங்க முடிகிறது, குற்றங்கள் பெருக அதுவும் ஒரு காரணம் என்பது அன்றைய காங்கிரஸ் எடுத்த முடிவு. சட்டைப்பையில் மறையும் ஆயுதம் வேறு, தோளில் தொங்கும் ஆயுதம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

இந்தச் சட்டம் 40 ஆண்டுக்கு மேல் பெரிய சேதமில்லாமல் ஓடியது. 2008-இல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், ஆயுதம் வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று இரண்டாவது திருத்தத்துக்குப் பொருள் சொன்னது. அதற்குப் பிறகும் 2012-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றமே 21 வயது வரம்பு செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றம், அதே சட்டம் செல்லாது என்கிறது. நடுவில் என்ன மாறியது? துப்பாக்கி மாறவில்லை. 19 வயதும் மாறவில்லை. தேர்வு வைக்கும் முறை மாறியது.

2022 ஜூனில் நியூயார்க் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ஒரு புது அளவுகோல் கொடுத்தது. துப்பாக்கிச் சட்டம் ஒன்றை எதிர்த்து வழக்கு வந்தால், அந்தச் சட்டத்தால் எத்தனை உயிர் பிழைக்கிறது, பொதுமக்களுக்கு என்ன நன்மை என்று நீதிபதி எடைபோடக் கூடாதாம். அந்த நாட்டின் பழைய மரபில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இருந்ததா என்பதை அரசு காட்டவேண்டுமாம். முக்கியமாகப் பார்ப்பது இரண்டாவது திருத்தம் அமலுக்கு வந்த 1791-ஐ ஒட்டிய காலம். காட்ட முடிந்தால் சட்டம் பிழைக்கும், முடியாவிட்டால் போய்விடும்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எவருக்கும் இந்த வேலை பழக்கமானது. "இதற்கு முன்மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கோப்பை வை" என்பார்கள். ரிக்கார்டு ரூமுக்குப் போய்த் தூசி தட்டித் தேடுவோம். அங்கே ஒரு பாடம் சீக்கிரமே புரிந்துவிடும். ஓர் உத்தரவு அகப்படவில்லை என்றால் அதற்கு நாலு காரணம் இருக்கலாம். ஒன்று, அப்படி ஓர் உத்தரவு உண்மையிலேயே போடப்படவில்லை. இரண்டு, போட்டார்கள், கரையான் தின்றுவிட்டது. மூன்று, வாய்மொழியாகவே நடந்த காரியம், எழுத்தில் வரவில்லை. நாலு, அந்தப் பிரச்சினையை வேறு ஒரு விதி ஏற்கெனவே பார்த்துக்கொண்டது, ஆகவே தனி உத்தரவு தேவைப்படவில்லை. காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, "தடை இல்லை, ஆகவே உரிமை உண்டு" என்று குறிப்பு எழுதி அனுப்பினால் சூப்பிரண்டெண்டு அதை முகத்திலேயே திருப்பி வீசுவார்.

1791-இல் 18 வயதுப் பையனுக்குப் பிஸ்டல் விற்கக் கூடாது என்று ஏன் தனிச் சட்டம் இல்லை? நான் சொன்ன நாலாவது காரணம்தான். அன்றைக்கு 21 வயதுக்குக் கீழே இருந்த எவனும் சட்டத்தின் கண்ணில் மைனர். அவன் செய்யும் ஒப்பந்தத்தை அவனே பின்னால் ரத்து செய்துவிடலாம். அத்தியாவசியப் பொருளைத் தவிர வேறெதையும் அவனுக்குக் கடனாக விற்கும் கடைக்காரன் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அவன் சம்பாதிக்கும் கூலி தகப்பனுக்குச் சேரும். தொழில் கற்கப் போயிருந்தால் எஜமானனின் கட்டுப்பாட்டில் இருப்பான். இப்படி நாலு பக்கமும் வேலி போட்டு வளர்த்த பையனுக்கு, பிஸ்டல் விற்காதே என்று தனியாக ஒரு சட்டம் எதற்கு?

இந்த 21 அமெரிக்காவின் தனிச்சொத்தும் அல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்தது இது: புரட்சி நடந்த பாரிஸில் 1792 செப்டம்பரில்தான் மேஜர் ஆகும் வயதை 21 என்று நிர்ணயித்தார்கள். பிறகு நெப்போலியனின் சிவில் சட்டத்திலும் அதுவே நின்றது. 1974-இல்தான் பிரான்ஸ் அதை 18 ஆக்கியது. சுதந்திரம், சமத்துவம் என்று உலகத்துக்கே முழங்கியவர்களுக்கு, 21-க்குக் கீழே இருப்பவனை முழு மனிதனாகக் கணக்கில் எடுக்காதது முரண்பாடாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்து அறிவு அப்படி.

எதிர்த்தரப்பின் பெரிய துருப்புச்சீட்டு, அதே 1792-இல் மே மாதம் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய மிலிஷியாச் சட்டம். 18 முதல் 45 வயதுவரை உள்ளவர்கள் ஊர்க்காவல் படையில் பெயர் பதிய வேண்டும், சொந்தமாக மஸ்கட் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. "பார்த்தீர்களா, 18 வயதுக்காரன் துப்பாக்கி வைத்திருந்தான்" என்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் தீர்ப்பின் முதுகெலும்பும் இதுதான்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அது எல்லா 18 வயதுக்காரரையும் கூப்பிடவில்லை. உடல்வலுவுள்ள, அடிமையல்லாத, வெள்ளை இன, ஆண் குடிமக்களை மட்டும் கூப்பிட்டது. பெண்ணுக்கு இடமில்லை, கறுப்பருக்கு இடமில்லை. இன்றைய நீதிபதிகள் அந்த வரியிலிருந்து 18 என்ற எண்ணை மட்டும் கொறடு போட்டுப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "வெள்ளை", "ஆண்" என்ற சொற்களைக் கீழே போட்டுவிடுகிறார்கள். போட்டது நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் பிடித்ததை எடுத்துப் பிடிக்காததை விடுவதற்கு மரபு என்று பெயர் சொல்லக் கூடாது. அது தேர்ந்தெடுப்பு. தேர்ந்தெடுக்கும் வேலைக்குத்தான் வோட்டுப் போட்டு ஒரு காங்கிரஸை அனுப்பியிருக்கிறார்களே.

இன்னொன்று. மிலிஷியாவில் சேர்வது உரிமை அல்ல, கடமை. வராவிட்டால் அபராதம். சாதாரணக் காலாட்படை ஆள் கொண்டுவர வேண்டியது நீளத் துப்பாக்கி, பிஸ்டல் அல்ல. பிள்ளை மைனராக இருந்தால் அவனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பது தகப்பன் அல்லது எஜமானன் பொறுப்பு என்று சில மாநிலங்கள் எழுதியே வைத்திருந்தன. அதாவது அந்தப் பையன் தானே கடைக்குப் போய் வாங்குவான் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. கடமைக்கு அரசு கூப்பிட்டதைக் கடையில் வாங்கும் உரிமையாக மாற்றுவது நல்ல வித்தைதான்.

காகிதம்தான் வேண்டும் என்றால் காகிதமும் இருக்கிறது. 1824 அக்டோபரில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு கூடியது. மாணவர் எவரும் வளாகத்தில் எந்த வகை ஆயுதமும் வெடிமருந்தும் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்ஸன். இரண்டாவது திருத்தத்துக்கு நகல் தயாரித்த ஜேம்ஸ் மாடிசன். ஆயுத உரிமையை எழுதியவரே, கல்லூரிப் பையன் கையில் ஆயுதம் வேண்டாம் என்று கைதூக்கிய கூட்டத்தில் இருந்தார். இதைவிட வேறு என்ன முன்மாதிரி வேண்டும்? அவர்கள் பயந்ததும் வீண் பயமல்ல. 1840-இல் அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸை ஒரு மாணவன் பிஸ்டலால் சுட்டான். அவர் இரண்டு நாளில் இறந்தார்.

"அது கல்லூரி விதி, மாநிலச் சட்டம் அல்ல" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதைத்தான் நானும் சொல்கிறேன். பையன்களை அடக்கி வைக்கும் பொறுப்பு அன்று தகப்பனிடமும் எஜமானனிடமும் கல்லூரியிடமும் இருந்தது. தொழிற்சாலையில் மலிவாகப் பிஸ்டல் செய்து குவிக்கும் காலம் வந்து, பையன்கள் ஊரைவிட்டு நகரத்துக்குப் போகத் தொடங்கியதும், அந்தப் பொறுப்பு சட்டப் புத்தகத்துக்கு வந்தது. 1856-இல் அலபாமாவும் டென்னஸியும் மைனருக்குப் பிஸ்டல் விற்பதைக் குற்றமாக்கின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இதையெல்லாம் சேர்த்துப் படித்துத்தான் 2025 மார்ச்சில் ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், 8-க்கு 4 என்று, ஃப்ளோரிடாவின் 21 வயதுச் சட்டம் செல்லும் என்றது. எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் ப்ரையர். அவர் பழமைவாதி என்று பேர்பெற்றவர். துப்பாக்கிக்கு எதிரி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஜூனில் ரிச்மண்டில் எழுதிய நீதிபதி வில்கின்சனும் ஏறக்குறைய அதே வழியில்தான் போனார். அங்கே கணக்கு 2-க்கு 1.

ஃப்ளோரிடாவுக்கு அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லண்ட் என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குள் 19 வயது முன்னாள் மாணவன் ரைபிளோடு நுழைந்து 17 பேரைக் கொன்றான். ஃப்ளோரிடா துப்பாக்கிப் பிரியர்களின் மாநிலம். ஆனாலும் மூன்று வாரத்தில் எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்று சட்டம் போட்டார்கள். 2022 மே மாதம் டெக்ஸாஸில் யுவால்டி என்ற ஊரில் 18 வயது நிறைந்த சூட்டோடு கடையில் முறைப்படி துப்பாக்கி வாங்கிய ஒருவன், 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். டெக்ஸாஸில் அப்படிச் சட்டம் வரவில்லை.

புது அளவுகோலின் கோளாறு ஏற்கெனவே ஒருமுறை சந்தி சிரித்திருக்கிறது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை ஆணை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை, 2023-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றம் செல்லாது என்றது. 18-ஆம் நூற்றாண்டில் அதற்கு இணையான சட்டம் இல்லையாம். பெண்டாட்டியை அடிப்பதை ஒரு குற்றமாகவே பார்க்காத காலத்தில் அதற்கு எங்கே போய்ச் சட்டம் தேடுவது? 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதைத் தள்ளி, பழைய சட்டத்தின் அச்சு அசல் நகல் தேவையில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. குட்டுப் பட்ட ஏழே மாதத்தில் அதே நீதிமன்றம் 21 வயது வரம்பின் மேல் கை வைத்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களை நான் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"பீர் குடிப்பது அடிப்படை உரிமை அல்ல, ஆயுதம் அடிப்படை உரிமை. இரண்டையும் ஒப்பிடாதே" என்பார்கள். சரி. வோட்டு அடிப்படை உரிமைதானே? அதற்கு வயது வரம்பு இருக்கிறதா இல்லையா? 1791-இல் அது 21. உரிமை என்று சொன்ன மாத்திரத்தில் வயது மறைந்துவிடும் என்றால் 12 வயதுப் பிள்ளைக்கும் பிஸ்டல் விற்க வேண்டும். அங்கே கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியென்றால் கோடு உண்டு. எங்கே போடுவது என்பதுதான் சண்டை.

"நாட்டுக்காகச் சண்டை போட 18 போதும், துப்பாக்கி வாங்கப் போதாதா?" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நம் ஊரில் இதற்குப் பதில் சொல்ல சொல்தாக் குடும்பங்கள் நிறைய உண்டு. பிரெஞ்சுப் படையில் 18 வயதில் சேர்ந்தவர்கள், விடுமுறைக்கு வரும்போது துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டா வந்தார்கள்? அது படையின் சொத்து. எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டுவார்கள். மேலே ஓர் அதிகாரி எப்போதும் நிற்பான். கடையில் வாங்கிய பிஸ்டலுக்கு மேலதிகாரி கிடையாது. இன்னும் ஒரு சான்று இஸ்ரேலில் இருக்கிறது. அங்கே 18 வயதில் கட்டாயப் படைச்சேவை உண்டு. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்களில் தற்கொலை அதிகமாக இருந்ததைக் கண்டு, 2006-இல் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப்போகச் சொன்னார்கள். 18 முதல் 21 வயதுச் சிப்பாய்களின் தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது. வேறு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. துப்பாக்கி இரண்டு நாள் கைக்கு எட்டாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாதம்தான் என்னை யோசிக்க வைத்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஓர் இளம்பெண் இருந்தார். தன்னை மிரட்டும் ஒரு மனிதனிடமிருந்து தற்காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வேண்டும் என்றார். 2021 ஜூலையில் ரிச்மண்ட் நீதிமன்றத்தின் ஒரு பெஞ்ச் 2-க்கு 1 என்று அந்தத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகு அவருக்கு 21 வயது நிறைந்துவிட்டது. வழக்குக்கு வேலையில்லாமல் போய், செப்டம்பரில் தீர்ப்பே ரத்தானது. அலுவலகத்தில் 'இனி நடவடிக்கை தேவையில்லை' என்று கட்டு முடிக்கும் கோப்பு மாதிரி.

அந்தப் பெண்ணின் பயம் பொய்யல்ல. அப்படிப்பட்டவருக்கு ஒரு வழி வேண்டும். மிரட்டியவன் கையிலுள்ள துப்பாக்கியைப் பறிப்பது முதல் வழி. அந்த வழியை நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றம் அடைக்கப் பார்த்ததை மேலே சொன்னேன். நிரூபிக்கப்பட்ட ஆபத்தில் இருப்பவருக்கு விதிவிலக்கு கொடுக்கும் திருத்தம் இரண்டாவது வழி. ஆனால் ஒரு பெண்ணின் நியாயமான தேவையைக் காட்டி, 18, 19, 20 வயதில் இருக்கும் அத்தனை பேருக்கும் கடையைத் திறந்துவிட்டால், அவளை மிரட்டுகிற 19 வயதுக்காரனும் அந்த வரிசையில்தான் நிற்பான்.

இனி உயிர்க்கணக்கு. புது அளவுகோலின்படி நீதிபதிகள் எடைபோடக் கூடாத கணக்கு இதுதான். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 27,000 பேர், தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். 2020 முதல் அங்கே குழந்தைகளும் பதின்வயதினரும் சாகும் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதுவரை சாலை விபத்துதான் முன்னால் இருந்தது. துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

தற்கொலையைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் நாட்டிலேயே அதிக விகிதம் நம்முடையது என்று புள்ளிவிவரம் வந்தபடி இருந்தது. பரீட்சை, காதல், கடன் என்று ஏதோ ஒரு சாயங்காலத்தில் மனம் உடைந்த பையனை அள்ளிக்கொண்டு ஜிப்மருக்கு ஓடிய குடும்பங்கள் எத்தனை! அவர்களில் பலர் பிழைத்து, இன்று கல்யாணம் ஆகிப் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். அவர்களைப் பிழைக்க வைத்தது ஓடுவதற்குக் கிடைத்த நேரம். பிஸ்டல் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. 19 வயதில் ஓர் இரவு கடந்துவிட்டால் விடியற்காலையில் உலகம் வேறாகத் தெரியும். அந்த ஓர் இரவைத் தாண்ட வைப்பதற்குத்தான் 21.

சட்டத்தில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரருக்குத்தான் இந்தத் தடை. அதே மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு தனி ஆள், 18 வயது நிறைந்தவருக்குத் தன் பிஸ்டலை விற்றால் மத்தியச் சட்டம் தடுக்காது. தகப்பன் பரிசாகக் கொடுக்கலாம். ரைபிளைக் கடையிலேயே வாங்கலாம். இதைச் சொல்லி, "ஓட்டைப் பானை எதற்கு, உடைத்துவிடு" என்கிறார்கள் சிலர். ஓட்டை இருந்தால் அடைப்பார்களா, பானையை உடைப்பார்களா? அதோடு, உரிமையே அழிந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் புலம்புவதும், சட்டம் எதையும் தடுப்பதில்லை என்று வெளியே சொல்வதும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது. இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும்.

நம் நாட்டிலும் வயதுக் கோட்டை மாற்றியிருக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் முதலில் 16 என்று இருந்தது. 1983-இல் நாடாளுமன்றம் திருத்தி 21 ஆக்கியது. ராஜராஜன் கல்வெட்டில் வில் வாங்க வயது என்ன என்று யாரும் போய்த் தேடவில்லை. அன்றைய நிலைமையைப் பார்த்தார்கள், மாற்றினார்கள்.

அமெரிக்காவுக்கும் இது தெரியாத வித்தை அல்ல. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களை அனுப்பியபோது, "சாக 18, வோட்டுப் போட 21-ஆ?" என்ற கேள்வி எழுந்தது. பதிலைத் தேடி யாரும் 1791-க்குப் போகவில்லை. போயிருந்தால் 21 என்றுதான் வந்திருக்கும். 1971 மார்ச்சில் காங்கிரஸ் 26-வது திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. ஜூலை முதல் தேதிக்குள் வேண்டிய மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டன. நூறே நாள். வயதைக் குறைப்பதாக இருந்தாலும் கூட்டுவதாக இருந்தாலும் முறை அதுதான்: மக்கள் முன்னால் வைத்து, விவாதித்து, கை எண்ணி மாற்றுவது.

21 என்பது வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. கைத்துப்பாக்கிக்கு 18 போதும் என்று அமெரிக்க மக்கள் நினைத்தால், அவர்கள் பிரதிநிதிகள் அப்படிச் சட்டம் இயற்றட்டும். இறந்த பிள்ளைகளின் பெற்றோர் முகத்தைப் பார்த்து அதற்குக் கைதூக்கட்டும். அப்படி வோட்டுக் கேட்டு ஜெயிக்க முடியாது என்பது தெரிந்துதான் நீதிமன்ற வழியாக வருகிறார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இப்படி எதிரும் புதிருமாக நின்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டியது உச்ச நீதிமன்றம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரும் 1791-இன் காகிதக்கட்டை ஒருபக்கம் வைத்துவிட்டு, இன்றைய இறப்புப் பதிவேட்டையும் ஒருதரம் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த ரிக்கார்டில் ஒரு தாளும் தொலையவில்லை.

அங்கே பிள்ளைகள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தமுறை வாட்ஸ்அப்பில் பேரனோடு பேசும்போது, சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அறையில் கூட இருப்பவர்கள் யார், யாராவது துப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். "தாத்தாவுக்கு வேறு வேலை இல்லை" என்று சிரிப்பான். சிரிக்கட்டும், பரவாயில்லை. பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.